‘நிலைம விசை’ என்று எழுதலாமா?

மார்ச் 4

ஒரு வாசகர் கேட்டிருப்பது இது: “ஓடுகிற பஸ் சடாரென்று நின்றால் உள்ளே நிற்பவர்கள் முன்னால் விழுகிறார்கள். அவர்களை முன்னால் தள்ளுவது நிலைம விசை. இப்படி நான் எழுதியிருந்ததை ஒருவர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். நிலைமம் விசை இல்லை என்றால் அவர்களைத் தள்ளியது யார்? யாரும் தள்ளாமல் ஒருவர் விழுவாரா?”

அடித்தவர் செய்தது சரி. யாரும் தள்ளவில்லை.

பஸ்சுக்குள் நிற்பவர் மீது கிடைமட்டமாகச் செயல்படும் விசைகளைத் தேடுங்கள். காற்றின் தடை ஒன்றுமில்லை. கம்பியைப் பிடிக்கவில்லை என்றால் மிஞ்சுவது தரைக்கும் காலுக்கும் இடையிலான உராய்வு மட்டும். பஸ் வேகம் குறையும்போது அந்த உராய்வு காலைப் பின்னோக்கி இழுக்கிறது. ஆக முன்னால் விழுந்தவர் மீது இருந்த ஒரே கிடைமட்ட விசை பின்னோக்கியது. இதை முதன்முதலில் ஒருவர் எனக்குப் படம் வரைந்து காட்டியபோது அம்புக்குறியைத் தவறாகப் போட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 10 மீட்டர். அந்த பஸ் 4 விநாடியில் நின்றால் எதிர்முடுக்கம், அதாவது ஒவ்வொரு விநாடியும் குறையும் வேகம், விநாடிக்கு 2.5 மீட்டர். 60 கிலோ நிறையுள்ளவரை பஸ்சோடு சேர்த்து நிறுத்த 150 நியூட்டன் விசை பின்னோக்கி வேண்டும். உராய்வு அதைத் தருகிறது. ஆனால் பாதத்தில் தருகிறது. பாதம் பஸ்சோடு நிற்க, உடம்பின் மேற்பகுதி இருந்த வேகத்திலேயே போக, ஆள் கவிழ்கிறார். தள்ளுபவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். காலை வாரியவர் உண்டு.

அதே நாள், இரவு

ஒரு சேர்ப்பு. கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் “கை முன்னால் இழுபடுகிறது” என்பார். கம்பி அவருடைய கையை இழுப்பது பின்னோக்கித்தான். கம்பியை முன்னோக்கி இழுப்பவர் அவர். யார் யாரை இழுத்தார் என்பதில் உடம்பின் சாட்சியம் எப்போதும் நம்பத்தக்கதல்ல.

இன்னொன்று. மேலே சொன்ன கணக்குப்படி, சுமார் 14 டிகிரி பின்னால் சாய்ந்து நின்றால் கம்பியே பிடிக்காமல் விழாமல் இருக்கலாம். பழகிய நடத்துநர்கள் பிரேக் விழும் நேரத்தில் இதைத்தான் செய்கிறார்கள். கோணம் கணக்கிட்டுச் செய்வதில்லை, அவ்வளவே. இந்த 14 டிகிரியை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மார்ச் 5

“சரி, நிலைமம் என்றால் என்ன?” என்று சுருக்கமாகக் கேட்டிருக்கிறார். சுருக்கமாகவே: ஒரு பொருளின் வேகத்தையோ திசையையோ மாற்றுவது எவ்வளவு சிரமம் என்பதைக் காட்டும் பண்பு. அதன் அளவு நிறை. நிறை இரண்டு மடங்கானால் அதே முடுக்கத்துக்கு விசையும் இரண்டு மடங்கு வேண்டும். விசைக்கு அலகு நியூட்டன், நிறைக்கு அலகு கிலோகிராம். அலகே வேறாக இருக்கும்போது இரண்டையும் ஒட்டி ‘நிலைம விசை’ என்று எழுதுவது, ஒருவருடைய உயரத்தை லிட்டரில் சொல்வது போன்றது.

வேகத்துக்கும் நிலைமத்துக்கும் சம்பந்தமில்லை. “லாரி வேகமாக வந்ததால் அதன் நிலைமம் அதிகம்” என்று எத்தனையோ இடங்களில் அச்சாகியிருக்கிறது. அங்கே அவர்கள் சொல்ல வந்தது உந்தம், நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. நின்றிருக்கும் லாரிக்கும் பாய்ந்து வரும் லாரிக்கும் நிலைமம் ஒன்றே. உந்தம்தான் வேகத்தோடு ஏறும், நின்றால் சுழியாகும்.

இப்படி மிடுக்காகச் சொல்கிறேனே தவிர, அறிவியல் மொழிபெயர்ப்புகளுக்குப் பிழை திருத்தும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தபோது “நிலைமத்தால் பயணி முன்னால் தள்ளப்படுகிறார்” என்ற வாக்கியத்தை எத்தனை முறை கடந்து போயிருப்பேன் என்று தெரியவில்லை. ஒற்றுப் பிழை பார்ப்பேன், ‘தள்ளப்படுகிறார்’ என்பதில் ‘ப்’ இருக்கிறதா என்று பார்ப்பேன், போய்விடுவேன்.

அந்த வாக்கியத்தில் கோளாறு செய்வது ‘ஆல்’ என்ற உருபு என்று இப்போது தோன்றுகிறது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று பொருள் சொல்வார்கள். வாளால் வெட்டினான், கொத்தனால் கட்டப்பட்டது. ‘நிலைமத்தால்’ என்று எழுதிய கணமே நிலைமம் வாளாகிவிடுகிறது, இல்லையென்றால் கொத்தனாகிவிடுகிறது. பிறகு படிப்பவர் அதை விசை என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்? எனவே என் தீர்ப்பு: நிலைமம் என்ற சொல்லுக்குப் பின்னால் ‘ஆல்’ போடக்கூடாது.

மார்ச் 5, சற்று நேரம் கழித்து

கைபேசி இரண்டு இடங்களில் ‘நிலைமம்’ என்பதை ‘நிலைமை’ என்று தானே திருத்தியிருந்தது. மாற்றிவிட்டேன். “லாரியின் நிலைமை அதிகம்” என்று படித்தவர்கள் மன்னிக்கவும்.

மார்ச் 7

பாடநூல்களில் நிலைமம் மூன்று வகைப்படும்: ஓய்வில் நிலைமம், இயக்கத்தில் நிலைமம், திசையில் நிலைமம். மனப்பாடம் செய்ய வசதி, புரிந்துகொள்ள இடைஞ்சல். மூன்றும் ஒன்றுதான். நான் ஓய்வில் இருக்கிறேனா ஓடுகிறேனா என்பது யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. பஸ்சில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்து இருக்கைக்காரருக்கு ஓய்வில் இருக்கிறார், சாலையோரத்தில் நிற்பவருக்கு ஓடுகிறார். அவருக்கு இருப்பது எந்த நிலைமம்? கேட்பவரைப் பொறுத்து மாறும் என்றால் அது வகைப்பாடே அல்ல.

எனக்கு இதில் பழைய வருத்தம் ஒன்று உண்டு. பள்ளியில் “கம்பளத்தைக் கம்பால் தட்டினால் தூசி விழுவது எந்த வகை நிலைமம்?” என்ற கேள்விக்கு, கம்பளம் நகர்கிறது, தூசி நிற்கிறது, ஆகவே ஓய்வில் நிலைமம் என்று எழுத வேண்டும். நான் இயக்கத்தில் நிலைமம் என்று எழுதினேன். என் வீட்டில் கம்பளத்தை இரண்டு கையாலும் பிடித்து உதறுவதுதான் வழக்கம். கம்பளம் ஓடி வந்து சட்டென்று நிற்கும், தூசி ஓடிக்கொண்டே இருக்கும். மதிப்பெண் போயிற்று. கேள்வியில் ‘தட்டினால்’ என்றுதான் இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

சுத்தியலும் அப்படித்தான். தலை கழன்ற சுத்தியலின் தலை மேலே இருக்க, கைப்பிடியின் அடியைத் தரையில் குத்தினால் தலை இறுகும். சுத்தியலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு கைப்பிடியின் அடியை இன்னொரு சுத்தியலால் தட்டினாலும் இறுகும். முதலாவதில் தலை ‘ஓடிக்கொண்டே’ இருந்தது, இரண்டாவதில் தலை ‘நின்றுகொண்டே’ இருந்தது. இறுகிய சுத்தியலைப் பார்த்து எது நடந்தது என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

மார்ச் 8

சோதனை ஒன்றைச் சொல்கிறேன், செய்து பாருங்கள். ஒரு கிலோ எடைக்கல்லை நூலில் தொங்கவிடுங்கள். கல்லின் அடியிலும் அதே நூலின் ஒரு துண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். அடி நூலை மெதுவாக இழுத்துக்கொண்டே போனால் மேல் நூல் அறும். வெடுக்கென்று இழுத்தால் அடி நூல் அறும்.

மெதுவாக இழுக்கும்போது மேல் நூல் கல்லின் எடையையும் நம் இழுப்பையும் சேர்த்துத் தாங்குகிறது, அதனால் முதலில் தோற்கிறது. வெடுக்கென்று இழுக்கும்போது கல்லின் நிலைமம் இழுப்பைத் தடுத்துவிடுகிறது.

மார்ச் 8, பிற்பகல்

மேலே கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டுச் சிரித்திருப்பீர்கள். “நிலைமம் தடுத்துவிடுகிறது.” ஆல் இல்லை, எழுவாயாகவே உட்கார்ந்துவிட்டது. மூன்று நாள் முன்பு தீர்ப்பு எழுதியவன் நான்.

சரியாகச் சொல்கிறேன். மேல் நூல் அற வேண்டுமென்றால் அது நீள வேண்டும். அது நீளக் கல் கீழே நகர வேண்டும். ஒரு கிலோ கல்லை 30 நியூட்டன் விசையில் நூறில் ஒரு பங்கு விநாடி இழுத்தால், வேறு எதுவும் குறுக்கிடாவிட்டாலும், அது நகர்வது ஒன்றரை மில்லிமீட்டர். அதற்குள் அடி நூல் அறுந்துவிட்டது. இழுப்பவர் கையில் நூல் மிச்சமில்லை. யாரும் யாரையும் தடுக்கவில்லை, நேரம் போதவில்லை.

நைலான் நூல் வேண்டாம். இஷ்டத்துக்கு நீளும், முடிவு குழம்பும். கல்லுக்கு நேர் கீழே காலை வைக்கவும் வேண்டாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மார்ச் 10

இன்று கொஞ்சம் வரலாறு. இது எனக்குச் சாதகமாகப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கருத்துக்கு லத்தீனில் ‘இனர்ஷியா’ என்ற பெயரை இயற்பியலுக்குள் கொண்டுவந்தவர் வானியலாளர் கெப்ளர். அந்தச் சொல்லுக்கு நேர்ப் பொருள் சோம்பல். அவருடைய எண்ணத்தில் பொருள்கள் இயல்பாகச் சோம்பேறிகள். தள்ளுகிறவரை போகும், தள்ளுவதை நிறுத்தினால் நின்ற இடத்தில் நின்றுவிடும். கோள்கள் ஓடிக்கொண்டே இருக்கச் சூரியன் தொடர்ந்து தள்ள வேண்டும் என்று நினைத்தார்.

1632இல் வெளியான கலிலியோவின் உரையாடல் நூலில் ஓடும் கப்பலின் பாய்மரத்து உச்சியிலிருந்து கல்லைப் போட்டால் என்ன ஆகும் என்ற வாதம் வருகிறது. கல் பாய்மரத்தின் அடியிலேயே விழும், பின்தங்காது என்றார். 1640இல் கசந்தி என்ற பிரெஞ்சுக்காரர் மார்சேய் துறைமுகத்தில் கப்பலை ஓடவிட்டே இதைச் செய்து பார்த்தார். கல் அடியில்தான் விழுந்தது. நேர்க்கோட்டில் ஓடும் பொருள் நேர்க்கோட்டிலேயே ஓடிக்கொண்டிருக்க முயலும் என்று தெளிவாக எழுதியவர் தெகார்த், 1644இல்.

பிறகு 1687இல் நியூட்டன். கெப்ளரின் சொல்லை எடுத்துக்கொண்டார், பொருளைத் தலைகீழாக்கினார். பொருள் நிற்கத் துடிக்கும் சோம்பேறி அல்ல, இருக்கிற நிலையிலேயே இருக்கும் பிடிவாதக்காரர். நிற்கிறதா, நிற்கும். ஓடுகிறதா, ஓடும். பழைய புட்டியில் புது மருந்து. ஒட்டியிருந்த சீட்டை மட்டும் அவர் மாற்றவில்லை.

இனி எனக்குச் சங்கடமான பகுதி. நியூட்டன் தன் நூலின் தொடக்கத்தில் உள்ள மூன்றாவது வரையறையில் இதற்கு வைத்த பெயர் ‘விஸ் இனர்ஷியே’. தமிழில் சொன்னால் நிலைம விசை.

மார்ச் 11

எதிர்பார்த்ததுதான். கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: “என் வாக்கியத்தை அடித்தவர் நியூட்டனையும் அடிப்பாரா?”

அடித்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர், நிலைமத்தை விசை என்று அழைப்பது பொருத்தமற்றது என்று வெளிப்படையாகவே எழுதினார். விசை என்பது நிலையை மாற்றுவது, இதுவோ நிலையை மாற்றாமல் வைத்திருப்பது, இரண்டுக்கும் ஒரே பெயரா என்பது அவர் வாதம். நியூட்டனுக்கும் வேறுபாடு தெரியாமல் இல்லை. வெளியிலிருந்து செலுத்தப்படும் விசையைத் தனியாக, அடுத்த வரையறையிலேயே வைத்தார். இயக்க விதிகளில் வரும் விசை அதுதான், இது அல்ல.

ஆக ‘விசை’ என்ற சொல் நியூட்டனிடம் இன்னும் முழுதாக இறுகவில்லை, பிறகு இறுகிற்று, இறுகிய பொருளில்தான் நாம் இன்று எழுதுகிறோம். இப்படி ஒரு பதிலை நேற்றிரவே தயாரித்து வைத்திருந்தேன் என்பதை மறைக்கவில்லை.

மார்ச் 13

“நிலைமத்தால் எல்லாம் முன்னால் போகும் என்றால், காருக்குள் கட்டி வைத்த ஹீலியம் பலூன் பிரேக் போட்டதும் ஏன் பின்னால் போகிறது?” என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. போவது உண்மை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குளிரூட்டியை நிறுத்திவிட்டு நானே பார்த்திருக்கிறேன். பின்னிருக்கையில் இருந்த நாங்கள் எல்லோரும் முன்னால் சாய, பலூன் மட்டும் எங்களை நோக்கிப் பின்னால் வந்தது.

பலூனுக்கு நிலைமம் இல்லாமல் இல்லை. அதைச் சுற்றியிருக்கும் காற்றுக்கு, அதே கன அளவில், அதிகமாக இருக்கிறது. பிரேக் போட்டதும் காற்று முன்பக்கம் நெருக்குகிறது. முன்னால் அழுத்தம் கூடுகிறது, பின்னால் குறைகிறது. அந்த வேறுபாடு பலூனைப் பின்னால் தள்ளுகிறது. தண்ணீரில் அமிழ்த்திய மரத்துண்டு மேலே வருவதும் இதே கதை, திசைதான் வேறு.

எவ்வளவு பின்னால் சாயும்? அந்த பஸ்சின் அதே எதிர்முடுக்கம் என்றால் பலூனின் நூல் 14 டிகிரி பின்னால் சாயும். சாய்ந்து நின்ற நடத்துநரும் பலூனும் ஒரே கோட்டில் இருப்பார்கள். கூரையில் தொங்கும் சாவிக்கொத்தும் அதே கோட்டில்தான், அது கீழ்முனையை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்.

இதை எழுதிவிட்டு எழுந்து போனவன் பாதி வழியில் நின்றுவிட்டேன். நாளை சொல்கிறேன்.

மார்ச் 14

என்னை நிறுத்தியது இதுதான். நடத்துநர், பலூன், சாவிக்கொத்து மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றன என்றால், பஸ்சுக்குள் இருப்பவருக்கு ‘கீழே’ என்ற திசையே 14 டிகிரி சாய்ந்துவிட்டது என்று பொருள். ஜன்னல்களை அடைத்துவிட்டு, பஸ் ஓடுவதே தெரியாத ஒருவரை உள்ளே விட்டால் அவர் என்ன சொல்வார்? “இங்கே புவியீர்ப்போடு சேர்த்து முன்னோக்கி இன்னொரு விசையும் இருக்கிறது. நிறைக்குத் தக்கபடி எல்லாப் பொருள் மீதும் செயல்படுகிறது” என்பார். அதை வைத்துக்கொண்டு அவர் போடும் கணக்குகளெல்லாம் சரியாக வரும்.

அந்த விசைக்கு இயற்பியலில் பெயர் உண்டு. போலி விசை என்பார்கள். இன்னொரு பெயர்: நிலைம விசை.

ஆமாம். முடுக்கமடையும் குறிப்பாயத்தில், அதாவது பிரேக் போடும் பஸ்சைப் போல வேகம் மாறிக்கொண்டிருக்கும் இடத்தில், உட்கார்ந்துகொண்டு நியூட்டனின் விதிகளைப் பயன்படுத்த வேண்டுமானால் இந்த விசையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அளவு, நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கினால் வருவது, திசை முடுக்கத்துக்கு எதிர். அலகு நியூட்டன். லிட்டரில் உயரம் என்று கேலி செய்தேனே, அதைத் திரும்பப் பெறுகிறேன். வளைவில் திரும்பும்போது வெளியே தள்ளுவதாகத் தோன்றும் மையவிலக்கு விசையும், புயல் சுழல்வதற்குக் காரணமாகச் சொல்லும் கொரியோலி விசையும் இதே குடும்பம். வானிலைக் கணக்குகள் கொரியோலி விசை இல்லாமல் நகராது.

எனவே வாசகருக்குப் பாதி வெற்றி. பஸ்சுக்குள்ளிருந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுதியிருந்தால் ‘நிலைம விசை’ சரி. சாலையிலிருந்து பார்க்கிறவராக எழுதினால் தவறு. அவருடைய வாக்கியத்தில் பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்ற தகவலே இல்லை. “ஓடுகிற பஸ்” என்று தொடங்கியிருக்கிறார், பஸ் ஓடுவது சாலையில் நிற்பவருக்குத்தானே தெரியும்? முதல் பாதியைச் சாலையிலும் இரண்டாம் பாதியை பஸ்சிலும் வைத்து எழுதியிருக்கிறார். சிவப்பு மை அதற்கு வேண்டுமானால் செல்லும்.

மார்ச் 18

வழிமாறிப் போகிறேன். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் நிலைமத்துக்குச் ‘சடத்துவம்’ என்று பெயர். முடுக்கம் அங்கே ‘ஆர்முடுகல்’, வேகம் குறைவது ‘அமர்முடுகல்’. காதுக்கு என்ன அழகு! இவை வெறும் வேறு சொற்கள், குழப்பமில்லை. குழப்புவது ஒரே சொல் இரண்டு பொருளில் வருவது. தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘நிறை’ என்பது கிலோகிராமில் அளப்பது. இலங்கையில் அதற்குத் ‘திணிவு’ என்று பெயர், ‘நிறை’ என்றால் புவி இழுக்கும் விசை, நியூட்டனில் அளப்பது. ‘வேகம்’ தமிழ்நாட்டில் திசையில்லாதது, அங்கே திசையுள்ளது. திசையில்லாததற்கு அவர்களிடம் ‘கதி’ இருக்கிறது.

ஒருமுறை இரு நாட்டு மொழிபெயர்ப்பாளர்கள் பாதிப் பாதியாகச் செய்த கையெழுத்துப்படி ஒன்று என்னிடம் வந்தது. முதல் பாதியில் நிலாவுக்குப் போனால் நிறை மாறாது, இரண்டாம் பாதியில் ஆறில் ஒரு பங்காகிவிடும். இருவரும் சரி.

சொல்லை வைத்துப் பார்த்தால் ‘சடத்துவம்’ கெப்ளருக்கு நெருக்கம், உயிரில்லாத சடமாகக் கிடப்பது. ‘நிலைமம்’ நியூட்டனுக்கு நெருக்கம், ‘நிலை’ என்பது ஓடும் நிலையாகவும் இருக்கலாம் அல்லவா. ஆனால் முதன்முறை கேட்கும் மாணவருக்கு ‘நிலை’ என்றால் நிலையாக நிற்பதுதான் மனதில் வரும். ஓடிக்கொண்டிருப்பதும் ஒரு நிலை என்று அந்தச் சொல் தானாகச் சொல்லித்தராது.

மார்ச் 19

நேற்று நிலா என்று எழுதியதைத் தொட்டு ஒரு கேள்வி: “விண்வெளியில் எடையே இல்லையே, பெரிய பெட்டியையும் ஒரு விரலால் தள்ளிவிடலாமே?”

தள்ளலாம், மிக மெதுவாக. 300 கிலோ பெட்டியை 3 நியூட்டன் விசையில் தள்ளினால் ஒரு விநாடி கழித்து அது விநாடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் போகும். எடை போனாலும் நிலைமம் போகவில்லை. அதை நிறுத்தவும் அதே அளவு பாடு. சுவருக்கும் அதற்கும் நடுவே மாட்டிக்கொண்டால் நசுக்கும். 1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் வீரர்களின் நிறையை அளந்ததே இப்படித்தான்: ஆளை வில்சுருள் பொருத்திய நாற்காலியில் கட்டி முன்னும் பின்னும் ஆடவிட்டார்கள். நிறை கூடினால் ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரம் கூடும். நிலைமத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

இழுப்புக்குக் காரணமான நிறையும் மாற்றத்துக்கு முரண்டுபிடிக்கும் நிறையும் ஏன் ஒன்றாக இருக்கின்றன என்பது தனிக் கதை. 1971இல் அப்போலோ 15 பயணத்தில் நிலாத் தரையில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாகப் போட்டார்கள், ஒன்றாக விழுந்தன. 2016இல் ஏவப்பட்ட மைக்ராஸ்கோப் என்ற பிரெஞ்சு செயற்கைக்கோள் இதையே பிளாட்டினத்தையும் டைட்டேனியத்தையும் வைத்துப் பார்த்தது. பத்தின் 15ஆம் அடுக்கில் சில பங்கு வரை நுணுகியும் வேறுபாடு தட்டுப்படவில்லை.

மார்ச் 23

‘ஆல்’ போடக்கூடாது என்ற என் தீர்ப்பை ஒருவர் கிழித்திருக்கிறார். “‘நாணத்தால் முகம் சிவந்தது’ என்கிறோம். நாணம் வாளா, கொத்தனா? ‘ஈரத்தால் சுவர் ஊறிற்று’, ‘மறதியால் கெட்டான்’. பண்புக்குப் பின்னால் ஆல் வருவது தமிழில் இயல்பு. நிலைமம் ஒரு பண்பு என்று நீங்களே சொன்னீர்கள்.”

பதில் இல்லை. மறதியால் கெட்டவனை மறதி தள்ளிக்கொண்டு போகவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் ‘நிலைமத்தால்’ என்பதிலும் ஆபத்து இல்லை, ‘தள்ளப்படுகிறார்’ என்பதில்தான். பதினெட்டு நாளாகத் தப்பான ஆளைப் பிடித்து வைத்திருந்தேன். ஆலை விடுதலை செய்கிறேன்.

மார்ச் 24

விடுதலை செய்த பிறகும் ‘நிலைமத்தால் விழுந்தார்’ என்பது எனக்குத் திருப்தியாக இல்லை. ஏன் என்று யோசித்தேன். அது எதையும் விளக்கவில்லை. ஓடியது ஏன் தொடர்ந்து ஓடியது? நிலைமத்தால். நிலைமம் என்றால்? ஓடியது தொடர்ந்து ஓடுவது. கேள்விக்குப் பட்டம் சூட்டிப் பதில் என்று உட்கார வைத்திருக்கிறோம். சீரான இயக்கம் தொடர்வதற்குக் காரணமே வேண்டாம் என்பதுதான் நியூட்டனின் முதல் விதியின் துணிச்சல். 1977இல் ஏவிய வாயேஜர் 1 இன்னும் விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அதை ஓட்டிக்கொண்டு போகும் எஞ்சின் எதுவும் இல்லை. காரணம் கேட்க வேண்டியது நின்றால்தான்.

இந்த இடத்தில் பேச்சு வழக்கு எனக்குக் கைகொடுத்தது. ‘விசை’ என்ற சொல்லுக்கு இயற்பியல் குடியேறும் முன்பே வேகம், விரைவு என்று பொருள் உண்டு. ‘விசையாக ஓடினான்.’ ‘வந்த விசையில் கதவில் மோதினான்.’ இந்த இரண்டாவது ‘விசை’யை இன்றைய பாடநூல் மொழிக்கு மாற்றினால் உந்தம் என்றுதான் மாற்ற வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் புரிடான் என்ற தத்துவவாதி சொன்ன ‘இம்பெட்டஸ்’, எறிந்தவர் கையிலிருந்து கல்லுக்குள் ஏறிக்கொள்ளும் ஒன்று, ஏறக்குறைய இதுவே. வாசகர் ‘நிலைம விசை’ என்று எழுதியபோது அவர் மனதில் இருந்தது பழைய விசையாக இருக்கலாம். அப்படியென்றால் அவர் தவறு செய்யவில்லை, சொல் வீடு மாறியதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

‘வந்த விசையில்’, ‘வந்த வேகத்தில்’ என்பதைப் பாருங்கள். ஆல் இல்லை, இல். வேகம் அவரைத் தள்ளவில்லை, வேகத்துக்குள் அவர் இருந்தார். பயணி வந்த வேகத்தில் முன்னே போனார். நியூட்டன் ‘நிலை’ என்று சொன்னது இதைத்தானே? நிலைக்கு ஏழாம் வேற்றுமை, இடப்பொருள். தமிழ் இதைத் தொடக்கத்திலிருந்தே சரியாகச் சொல்லி வந்திருக்கிறது!

மார்ச் 25

மேலே உள்ள ஆச்சரியக்குறி ஒரு நாள் கூடத் தாங்கவில்லை. ‘இல்’ ஐந்தாம் வேற்றுமைக்கும் உருபு, ‘கல்வியில் பெரியவர்’ என்பதுபோல் அதற்கு ஏதுப் பொருளும் உண்டு, ஆக ‘வந்த வேகத்தில்’ என்பதற்கு ‘வந்த வேகம் காரணமாக’ என்றும் பொருள் கொள்ளலாம் என்று ஒரு தமிழாசிரியர் இரண்டே வரியில் எழுதியிருக்கிறார். வாசலில் துரத்திய காரணம் கொல்லைப்புறமாக வந்துவிட்டது. தமிழைப் பற்றிய பெருமிதத்தை மட்டும் திரும்பப் பெறுகிறேன். வாக்கியத்தை வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 30

கேள்வி கேட்டவர் பொறுமையிழந்துவிட்டார். “இத்தனைக்குப் பிறகு என் வாக்கியத்தை எப்படித்தான் எழுதுவது? ஒரு வரியில் சொல்லுங்கள்.”

பஸ் நின்றது, நின்றுகொண்டிருந்தவர் நிற்கவில்லை.

மார்ச் 30, இரவு

அந்த வரியை அவர் அதே சிவப்பு மைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். ‘நின்றுகொண்டிருந்தவர் நிற்கவில்லை’ என்பதற்கு அடியில் கோடு இழுத்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்தாராம்.